16 வயதுப் பெண்ணும் அவசரக் கருத்தடை மாத்திரையும்: ஒரு தாலுகா மருத்துவமனையின் நிகழ்வு ஆய்வு

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, தமிழ்நாட்டின் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் நடந்தது இது. நான் அங்கே மகப்பேறு மருத்துவராக வேலை பார்க்கிறேன். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். ஊர், பள்ளி, பெற்றோரின் தொழில் போன்றவற்றை மாற்றிவிட்டேன். மருத்துவ விவரமும் சட்ட நடைமுறையும் நடந்தபடியே இருக்கின்றன.

18 வயது ஆகாத பெண் கருத்தடை கேட்டு வந்தால் கொடுக்கலாமா? எங்கள் துறையிலேயே பலர் "போக்சோ இருக்கே, எப்படிக் கொடுக்கிறது?" என்று பின்வாங்குவதைப் பார்க்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் கருத்தடை கொடுக்கக் கூடாது என்று ஒரு வரிகூடக் கிடையாது. அந்தச் சட்டம் கேட்பது காவல்துறைக்குத் தகவல். மருந்து கொடுப்பது தனிக் கடமை, தகவல் சொல்வது தனிக் கடமை. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதால் ஒரு பெண் மூன்று நாள் எப்படி அலைந்தாள், அதன் பிறகு என்ன ஆனது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பின்னணி

அவளுக்கு 16 வயது முடிந்து சில மாதங்கள். பிளஸ் ஒன் படித்தாள். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா தையல் யூனிட்டுக்குப் போகிறார். பையனுக்கு 17 வயது, ஐடிஐ மாணவன். பத்தாம் வகுப்பு டியூஷனில் பழக்கம்.

சனிக்கிழமை மாலை 6 மணி வாக்கில் பாதுகாப்பு இல்லாத உறவு நடந்தது. மறுநாள் காலையிலேயே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தோழி ஒருத்தி, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை இருக்கிறது என்று சொன்னாள். தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று பக்கத்து ஊர் வரை பஸ்ஸில் போய் ஒரு மருந்துக்கடையில் கேட்டிருக்கிறாள். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றதும், "அந்த மாத்திரையை நாங்க வைக்கிறதே இல்லை" என்றார்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று இந்தியாவில் 2005-லேயே அனுமதி கொடுத்தாகிவிட்டது. வாங்குபவருக்கு வயது வரம்பும் வைக்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் இது கிடைப்பதில்லை என்பது இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஓபி சீட்டு போடும் இடத்தில், வரிசையில் நிற்பவர்கள் காதுபட "என்ன பிரச்சினை?" என்று கேட்டதும், "வயித்து வலி" என்று சொல்லிவிட்டாள். உள்ளே போய் நர்ஸிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் முதலில் கேட்டது, "கல்யாணம் ஆயிருச்சா?" அடுத்து, "அம்மாவைக் கூட்டிட்டு வா. இல்லைன்னா போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்." அவள் சீட்டைக்கூட வாங்கிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள்.

அந்த நர்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பயத்தில் சொன்ன பதில் அது, அந்தப் பயத்தை யாரும் அவருக்குத் தெளியவைக்கவும் இல்லை. ஆனால் நடந்ததைச் சட்டப்படி பார்த்தால், மாத்திரையும் கொடுக்கவில்லை, தகவலும் போகவில்லை. போலீஸ் என்ற சொல், கேட்டு வந்தவளை விரட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டது.

அன்று இரவு தன் சித்தியிடம் அழுதுகொண்டே சொன்னாள். சித்திக்கு 28 வயது, திருமணமானவர், அதே தெரு. செவ்வாய்க்கிழமை காலை இருவரும் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

வந்தபோது

எங்களிடம் வளரிளம் பருவத்தினருக்கான தனி ஆலோசனை அறை இருக்கிறது. 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் கீழ் இயங்குவது. 10 முதல் 19 வயது வரை உள்ள, திருமணம் ஆன, ஆகாத எல்லாருக்குமான திட்டம். ஆணுறை, கருத்தடை மாத்திரை, அவசரக் கருத்தடை மாத்திரை எல்லாம் அதன் சேவைப் பட்டியலிலேயே இருக்கின்றன. அதாவது, ஒரு கையால் வளரிளம் பருவத்தினருக்குக் கருத்தடை கொடு என்கிற அரசு, மறுகையால் 18 வயதுக்குள் நடக்கும் எந்த உடலுறவும் குற்றம் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அமலில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்.

எங்கள் ஆலோசகர் அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைச் சொன்னார்: "நீ சொல்றதை உங்க தெருவுல, ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. ஆனா 18 வயசுக்குள்ள சில விஷயம் தெரிஞ்சா, எங்களுக்கு மேல சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். எதுவா இருந்தாலும் உனக்கு வைத்தியம் பண்ணாம அனுப்ப மாட்டோம்."

பெண் எழுந்துவிட்டாள். "போலாம் சித்தி." சித்தி கையைப் பிடித்து உட்காரவைத்து, வந்த காரணத்தை அவரே சொன்னார். ஆலோசகர் ஓபியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அப்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. உறவு நடந்து ஏறக்குறைய 64 மணி நேரம்.

முன்கூட்டியே எல்லையைச் சொன்னதால்தானே அவள் எழுந்தாள், மாத்திரையைக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாமே என்று எங்களுக்குள் பின்னால் பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு "இதைப் போலீசுக்குச் சொல்ல வேண்டும்" என்றால், அவள் அதற்கப்புறம் எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்க மாட்டாள். அந்த அறிவிப்பின் கடைசி வாக்கியம்தான் முக்கியம்: வைத்தியம் பண்ணாமல் அனுப்ப மாட்டோம். சித்தி எழுந்திருக்காமல் இருந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று பின்னால் எங்களிடம் சொன்னார்.

முதல் முடிவு: மாத்திரை முதலில்

நான் கேட்டவை கொஞ்சம்தான். கடைசி மாதவிலக்குத் தேதி, உறவு நடந்த நேரம், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா, வயிற்று வலியோ ரத்தப்போக்கோ காயமோ இருக்கிறதா. மாதவிலக்கு வந்து 12 நாள் ஆகியிருந்தது. சினைமுட்டை வெளிவரும் காலத்துக்கு மிக அருகில் இருந்தாள், நேரம் வீணாக்க முடியாது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ததில் ஏற்கெனவே கர்ப்பம் இல்லை. ஸ்டோரிலிருந்து அரசு விநியோக மாத்திரையான ஈசி பில்லை வரவழைத்து, என் முன்னாலேயே விழுங்கவைத்தேன். 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும் என்பதால் மதியம் வரை அங்கேயே இருக்கச் சொன்னேன். இட்லி வாங்கிவரச் சொன்னோம். அன்று காலையிலிருந்து அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

இந்த மாத்திரை சினைமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது. சீக்கிரம் போட்டால் பலன் அதிகம், 5 நாள் வரை ஓரளவு பலன் உண்டு. காப்பர் டி அதைவிட நம்பகமானது, அதையும் 5 நாளுக்குள் பொருத்தலாம். 20 வயதுக்குக் கீழே இருப்பது அதற்குத் தடையில்லை. அதை விளக்கிக் கேட்டேன். உள்பரிசோதனை வேண்டும் என்றதும் வேண்டாம் என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

மாத்திரையை ஏன் முதலில் கொடுத்தேன் என்பதற்கு மருத்துவக் காரணம் போதும். ஆனால் சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது, இது எங்கள் ஊழியர்களுக்குத் தெரியாத பகுதி. 2020-ம் ஆண்டு போக்சோ விதிகளில் விதி 6, அவசர மருத்துவம் பற்றியது. சிகிச்சை தருவதற்கு முன் காவல்துறையின் அல்லது நீதிபதியின் கடிதம் வேண்டும் என்று எந்த மருத்துவரும் கேட்கக் கூடாது என்கிறது. கர்ப்பமாகும் வாய்ப்பு பற்றியும் அவசரக் கருத்தடை பற்றியும் பருவமடைந்த குழந்தையிடமும், அவளுடைய பெற்றோரிடம் "அல்லது" அவள் நம்பும் வேறொருவரிடமும் பேச வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் அறையில் உட்கார்ந்திருந்த சித்தி, சட்டத்தின் கண்ணில் அந்த வேறொருவர். அம்மா வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கருக்கலைப்புக்குத்தான் 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1971-ம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கருத்தடைக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று பழக்கத்தில் சொல்கிறார்கள்.

தண்டனையையும் பார்க்கலாம், ஏனென்றால் பயம் அங்கிருந்துதான் வருகிறது. காவல்துறைக்குத் தகவல் தராவிட்டால் போக்சோ பிரிவு 21-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தர மறுத்தால்? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 397-ன்படி, அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவு போக்சோ குற்றங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மீறினால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 200-ன் கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆக, திருப்பி அனுப்புவதற்கான தண்டனை, தகவல் சொல்லாததற்கான தண்டனையைவிடப் பெரியது. சட்டத்துக்குப் பயந்து திருப்பி அனுப்புகிறவர்கள், அதே சட்டத்தில் கூடுதல் ஆபத்தைத்தான் தேடிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் அப்போது மனதில் வைத்திருந்தேன். 16 வயதுக்கு மேற்பட்ட சிறுமி என்றால் போக்சோ பிரிவு 4-ன்படி குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. அவள் கர்ப்பமாகிவிட்டால் அதுவே கடுமையாக்கப்பட்ட குற்றமாகி, குறைந்தபட்சம் 20 ஆண்டாகிவிடும். மாத்திரை கிடைக்காமல் போன ஞாயிறும் திங்களும் அவள் உடம்போடு, 17 வயதுப் பையன் ஒருவனின் தலையெழுத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கக் கூடும்.

தனியாகப் பேசியது

சித்தியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நானும் ஆலோசகரும் அவளோடு பேசினோம். கட்டாயப்படுத்தினானா, முன்பும் நடந்ததா, பணமோ பொருளோ கொடுத்தானா, வேறு யாராவது பெரியவர்கள் தொந்தரவு செய்கிறார்களா, போட்டோ, வீடியோ எடுத்தானா, அதை வைத்து மிரட்டுகிறானா. ஒவ்வொன்றையும் நேரடியாகவே கேட்டோம். பேசும்போதெல்லாம் அவள் தண்ணீர் பாட்டிலின் லேபிளை ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே இருந்தாள். மிரட்டல் இல்லை, வீடியோ இல்லை. "அவன் கட்டாயப்படுத்தலை மேடம். எனக்கும் இஷ்டம்தான். ஆனா இப்படி ஆகும்னு நினைக்கலை." போனில் அவன் அனுப்பிய குறுஞ்செய்தியைக் காட்டினாள்: "ஒன்னும் ஆகாது, பயப்படாத." அவனுக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இந்தப் பேச்சை விட்டுவிடவே கூடாது. 16 வயதுப் பெண் சொல்லும் "இஷ்டம்" என்பதற்குப் பின்னால் சில நேரம் 35 வயது ஆள் ஒருவர் இருப்பார், சில நேரம் சொந்த வீட்டு ஆளே இருப்பார். தகவல் கொடுக்கும் கடமையைச் சட்டம் வைத்ததற்கு அதுதான் காரணம், அந்தக் காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். என் வருத்தம், இரண்டு சிறுவர்களின் விஷயத்தையும் அதே சட்டம் அதே கண்ணால் பார்ப்பதில்தான். 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. இருவரும் சிறார்தான் என்றாலும் புகாரில் அவள் பாதிக்கப்பட்டவள், அவன் குற்றம் சாட்டப்பட்டவன்.

இரண்டாவது முடிவு: பெயரோடு தகவலா, பெயரில்லாமலா

தகவல் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கோ தலைமை மருத்துவருக்கோ சந்தேகம் இல்லை. பிரிவு 19 "எந்த நபரும்" என்கிறது, மருத்துவருக்கு விலக்கு இல்லை. பெயரைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதில்தான் பிரச்சினை.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு கருக்கலைப்பு வழக்கில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பிரிவு 19-ன் கீழ் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாள விவரங்களையும் மருத்துவர் சொல்லத் தேவையில்லை. போலீஸ் பயத்தால் சிறுமிகள் தகுதியில்லாதவர்களிடம் போய்ச் சாகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வும் இதை வலியுறுத்தியது.

அப்படியானால் கருக்கலைப்புக்கு வந்தால் பெயரை மறைக்கலாம், கருவே உண்டாகாமல் தடுக்க வந்தால்? தீர்ப்பின் வாசகம் கருக்கலைப்பைப் பற்றியது. கருத்தடைக்கும் பொருந்துமா என்று அதில் இல்லை. நோக்கத்தைப் பார்த்தால் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. கர்ப்பம் ஆன பிறகு வருகிறவளுக்கு ஒரு பாதுகாப்பும், அதற்கு முன்பே புத்தியோடு வருகிறவளுக்கு அது இல்லாமலும் இருப்பதில் எந்த நியாயமும் இல்லை.

தலைமை மருத்துவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலரிடம் போனில் கேட்டார். அவர் பதில் நேராக இருந்தது: "நியாயம் உங்க பக்கம் இருக்கு சார். ஆனா தீர்ப்புல எழுதியிருக்கிறது கருக்கலைப்பு மட்டும்தான். பெயரில்லாம கொடுத்தா நாளைக்கு உங்களைத்தான் கேப்பாங்க." அப்புறம், பெயரை மறைக்கப் பாதுகாவலரும் கேட்க வேண்டும், சித்தி சட்டப்படி பாதுகாவலர் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும்.

அதை அவளே முடிவு செய்யட்டும் என்று அரை மணி நேரம் விட்டோம். நாங்கள் சொல்லவா, சித்தி சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா? "சித்தி சொல்லட்டும், நீங்க பக்கத்துல இருங்க" என்றாள். மதியம் அம்மா யூனிட்டிலிருந்து நேராக வந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்ததைக்கூடக் கழற்றவில்லை. சித்தி சொல்லி முடித்ததும் மகளை அடிக்கக் கை ஓங்கினார், ஆலோசகர் நடுவில் போனார். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரை போட்டாச்சா டாக்டரம்மா?" போட்டாச்சு என்றதும் உட்கார்ந்தார். இரண்டாவது கேள்வி, போலீஸ் வேண்டாம் என்று சொல்ல முடியாதா என்பது. முடியாது என்பதையும், என்ன நடக்கும் என்பதையும் ஒவ்வொரு படியாகச் சொன்னோம்.

அவர் சம்மதத்தோடு நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தோம். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், மாலை 6 மணியோடு அது முடிந்துவிடும். பேசிப் பார்த்ததில் ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்ததால் வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். பிறப்புறுப்புப் பரிசோதனைக்கும் பெண் மறுத்தாள். மறுக்கும் உரிமை உண்டு என்பதையும், மறுத்ததால் சிகிச்சையில் குறை வராது என்பதையும் விளக்கி, மறுப்பை எழுதிக் கையெழுத்து வாங்கினோம். 12 வயதுக்கு மேற்பட்டவரின் சொந்தச் சம்மதம் தேவை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது.

மாலையில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் போனது, பெயரோடு. சட்டத்துக்குத் தேவையானது மட்டும் அதில் இருந்தது. அவர்கள் பழக்கம், சந்தித்த இடம் என்று எங்களிடம் நம்பிச் சொன்ன வேறு எதுவும் இல்லை. சிறுமி மன அழுத்தத்தில் இருக்கிறாள், விசாரணையின்போது வீட்டுக்குச் சீருடையில் வர வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தோம்.

பிறகு நடந்தவை

பெண் உதவி ஆய்வாளர் சட்டப்படி சாதாரண உடையில்தான் வந்தார், அன்பாகவே பேசினார். ஆனால் வந்தது போலீஸ் ஜீப்பில். போக்சோ பிரிவு 24 உடையைப் பற்றிச் சொல்கிறது, வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. ஜீப் தெருமுனையில் நின்ற அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அப்பா வந்து, படிப்பை நிறுத்தி அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்றார். குழந்தைகள் நலக் குழு நியமித்த ஆதரவு நபர் மூன்று முறை வீட்டுக்குப் போய், 18 வயதுக்கு முன் திருமணம் செய்தால் அதுவும் வழக்காகும் என்று எடுத்துச் சொல்லி நிறுத்தினார். பின்னர் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

பையன் மீது வழக்குப் பதிவாகி, இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர்படுத்தப்பட்டான். மறுநாளே பெற்றோர் பொறுப்பில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் 7 ஆண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ளது கொடுங்குற்றம் என்ற வகையில் வருவதால், 16 வயது முடிந்த அவனைப் பெரியவரைப் போல விசாரிப்பதா என்ற முதற்கட்ட மதிப்பீடு நடந்தது. அதன் முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். சிறாராகவே விசாரிப்பது என்று குழுமம் முடிவெடுத்தது. பெண் நீதிபதி முன் கொடுத்த வாக்குமூலத்திலும் கட்டாயம் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். ஐடிஐயில் வருகை நாட்கள் போதாமல் அவனுக்கு ஓராண்டு போய்விட்டது. இதை எழுதும்போது வழக்கு நிலுவையில் இருக்கிறது.

மாதவிலக்கு வழக்கத்தைவிட ஆறு நாள் தள்ளி வந்தது. மூன்றாவது வாரம் செய்த பரிசோதனையில் கர்ப்பம் இல்லை.

அந்த வருகையில்தான், இனிமேலைக்கு என்ன என்று பேசினோம். ஆணுறை, சாயா கருத்தடை மாத்திரை, அந்தரா கருத்தடை ஊசி என்று ஆலோசகர் விளக்க ஆரம்பித்ததும் அம்மா, "மறுபடியும் அதையே பண்ணச் சொல்லிக் கொடுக்கறீங்களா மேடம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உடைந்துபோய்க் கேட்டார். உங்கள் மகளுக்கு இப்போது தேவையில்லை என்று அவளே சொல்கிறாள், ஆனால் 18, 20, 25 வயதிலும் இவளுக்கு இதெல்லாம் தெரியாமலே இருக்க வேண்டுமா, போன தடவை மாதிரி கடை கடையாக ஏற வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சொல்லுங்க, நானும் கேக்கறேன்" என்றார். அம்மாவுக்கே அந்தரா ஊசி பற்றித் தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே பாடம் நடந்தது.

எது மாறியிருக்கிறது, எது மாற வேண்டும்

எங்கள் மருத்துவமனையில் ஈசி பில் இப்போது ஸ்டோர் பூட்டுக்குள் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலும் மகப்பேறு வார்டிலும் இரவு பகல் எந்நேரமும் நர்ஸ் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் பெண்ணுக்கு அது அதிகம் தேவைப்பட்டது. ஓபி சீட்டில் "வளரிளம் ஆலோசனை" என்று மட்டும் சொன்னால் போதும், மேற்கொண்டு காரணம் கேட்காமல் அறைக்கு அனுப்ப வேண்டும் என்று பதிவு ஊழியர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஆலோசகர் சொன்ன அந்த அறிமுக வாக்கியங்களை எழுதி, அறையில் யார் உட்கார்ந்தாலும் அதையே சொல்லும்படி வைத்திருக்கிறோம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களின் மாதக் கூட்டத்தில் பிரிவு 397-ஐயும் விதி 6-ஐயும் தமிழில் ஒரே பக்கத்தில் அடித்துக் கொடுத்தேன். கூட்டம் முடிந்து ஒரு நர்ஸ் என்னிடம் வந்து, "மேடம், நாங்க கொடுத்தா எங்க மேல கேஸ் வரும்னுதான் இத்தனை நாள் நினைச்சோம்" என்றார். மகளிர் காவல் நிலையமும் விசாரணைக்குச் சாதாரண வண்டியில் வர ஒப்புக்கொண்டிருக்கிறது, வண்டி இருக்கும் நாட்களில்.

மருந்துக்கடை விஷயத்தில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. சட்டப்படி விற்கக்கூடிய மாத்திரையை வாங்கி வைக்கச் சொல்லிக் கடையை வற்புறுத்த மருத்துவமனைக்கு அதிகாரம் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2019-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 16 வயதுக்கு மேல் விருப்பத்தோடு நடந்து, வயது வித்தியாசம் 5 ஆண்டுக்கு மேல் போகாத உறவுகளை போக்சோவிலிருந்து விலக்கி வைக்கலாம் என்று யோசனை சொன்னது. 2023 செப்டம்பரில் வந்த சட்ட ஆணையத்தின் 283-வது அறிக்கை சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றது, 16 முதல் 18 வரையிலான வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் தரலாம் என்றது. அந்த யோசனையால் இந்தப் பையனுக்குக் கடைசிக் கட்டத்தில் ஏதாவது நன்மை கிடைத்திருக்கலாம். மருந்துக்கடையிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கே 1985-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பதில் சொன்னது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றாலும், ஆலோசனையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்து, பெற்றோரிடம் சொல்ல மறுத்தால், அவர் நலன் கருதி மருத்துவர் கருத்தடை தரலாம் என்று அது கூறியது. அங்கே சம்மத வயது 16, அதற்குக் கீழே என்றால் அங்கும் குற்றம்தான். உறவு குற்றமா என்பதையும் மருந்து தரலாமா என்பதையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

நம் சட்டத்தில் அந்தப் பிரிப்புக் கோடு எங்கே விழுகிறது என்று யாராவது எழுத்தில் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பில் உள்ள பெயர் மறைப்புச் சலுகை, கருத்தடைக்காக வரும் சிறுமிக்கும் பொருந்துமா என்று கேட்டு எங்கள் தலைமை மருத்துவர் இயக்குநரகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை எங்கள் நடைமுறை இதுதான்: மாத்திரை உடனே, தகவல் அன்றே, பெயர் வேண்டாம் என்று சிறுமியும் பாதுகாவலரும் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதத்தையும் தகவலோடு இணைத்து, முடிவைக் காவல் நிலையத்திடமே கேட்பது.